வெம்மையறிந்து வீசும் விசிறி

மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் கேட்டபொழுது, சங்க இலக்கியம் பற்றியோ இசுலாமியத் தமிழ் இலக்கியம் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் ஒருவரிடம் வேறு எதனை எதிர்பார்க்க இயலும்? ஆயினும் ஈண்டு யாம் எழுதப் புகுவது ஒரு விசிறியைப் பற்றி. அரசர்க்கு வீசிய கவரியும் அன்று. கூடத்து உத்தரத்தில் தொங்கும் மின்விசிறியும் அன்று. எம் துறை அறையில் உள்ள மேசைக் கணிப்பொறியின் பெட்டிக்குள், கண்ணுக்குத் தெரியாமல் சுழலும் சிறு விசிறி அது. அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் யாம் கற்றது பெரிய கல்வியன்று. ஆனால் அக்கல்விக்கு யாம் கொடுத்த விலை ஒரு மூதாட்டியின் குரல். ஆதலின் அதனை எழுதாதிருக்க மனம் ஒப்பவில்லை.

கணிப்பொறியோடு எமக்கு ஏற்பட்ட முதல் உறவு 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கான ஆய்வேட்டைத் தட்டச்சு செய்விக்க, விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பேருந்தில் நாள்தோறும் சென்றுவந்தோம். அங்கு ஓர் அச்சகத்தை ஒட்டியிருந்த டி.டி.பி. நிலையத்தில் எம் ஏடு உருப்பெற்றது. சிவகாசிக்கும் அச்சுக்கும் உள்ள உறவு அனைவரும் அறிந்ததே. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவரும் ஊன்றிய வித்து, பின்னாளில் பட்டாசாகக் கிளைத்தது. தீப்பெட்டியின் மேல் ஒட்டும் படங்களை அச்சிட வேண்டிய தேவையிலிருந்து அச்சுத் தொழிலாகவும் கிளைத்தது. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இக்கரிசல் மண்ணின் வறட்சியே இத்தொழில்களுக்கெல்லாம் தாய். உழவனைக் கைவிட்ட வானம் தொழிலாளிக்கு ஒரு வழியைக் காட்டியது எனலாம்.

அந்த டி.டி.பி. நிலையத்தில் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே நுழைய வேண்டும். கண்ணாடிக் கதவு; உள்ளே குளிர்சாதனம். வெளியே அச்சு இயந்திரங்களின் அருகில் வேலை செய்வோர் சட்டையின்றி வியர்வையில் குளித்துக்கொண்டிருப்பர். "ஏசி மெஷினுக்குத்தான் சார், நமக்கில்ல" என்று அங்குத் தட்டச்சு செய்த தம்பி சிரித்தவாறு கூறியது இன்றும் நினைவில் உள்ளது. அத்துணைக் குளிரிலும் கணிப்பொறியின் பெட்டிக்குள் விசிறி ஓயாது இரைந்துகொண்டிருக்கும். அக்காலத்துப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் விசிறிக்கு அறிந்த நிலைகள் இரண்டே: மின்சாரம் வந்தால் முழு வேகம், நின்றால் முழு ஓய்வு. இடைநிலை என்பதை அது அறியாது.

ஆண்டுகள் சென்றன. யாம் ஆசிரியப் பணிக்கு வந்தோம். 2017ஆம் ஆண்டில் எம் துறைக்கெனத் தனியே ஒரு கணிப்பொறி வாங்கப்பெற்றது. குளிர்சாதனம் இல்லாத சிறிய அறை. மேற்கு நோக்கிய ஒரு சன்னல். நூலடுக்குகளுக்கு நடுவே ஒரு மேசை. 2018ஆம் ஆண்டு முதல் எம் மாணவர்கள் தத்தம் ஊர்களில் உள்ள முதியோரிடம் தாலாட்டு, ஒப்பாரி, நலுங்குப் பாடல் முதலியவற்றைக் கேட்டுப் பதிவு செய்து வந்தனர். அப்பதிவுகளைக் கணிப்பொறியில் சேர்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுத்தில் வடிப்பது எம் பணி. பல்லில்லாத வாய்களிலிருந்து வரும் சொற்களைப் பிரித்தறிதல் எளிதன்று. அதற்கு அமைதி வேண்டும். அவ்வமைதிக்குப் பெரும்பகையாய் இருந்தது அப்பெட்டியின் இரைச்சலே.

2022ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஒரு நாள், இளங்கலை இரண்டாமாண்டு பயின்ற மாணவர் ஒருவர் தம் பாட்டியாரைத் துறைக்கு அழைத்து வந்தார். சிவகாசிக்கு அப்பால் உள்ள சிற்றூரைச் சேர்ந்தவர் அம்மூதாட்டியார். விருதுநகருக்குக் கண் காட்ட வந்தவரை, "எங்க ஐயா பாட்டுக் கேக்கணும்கிறாரு, வா அப்பத்தா" என்று பேரன் கைப்பிடித்துக் கூட்டி வந்திருந்தார். எண்பதைக் கடந்த அவ்வம்மையார் பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவர்; பின்னர் அவர் மகளும் மருமகளும் பயர் ஆபீசுக்குப் போயினர். இவ்வட்டார மக்கள் ஆலை என்று சொல்வதில்லை. ஆபீஸ் என்றே சொல்வர்.

அவர் பாடிய தாலாட்டைப் போன்ற ஒன்றை யாம் முன்னர்க் கேட்டதில்லை. மாமன் கொண்டுவரும் சீர்வரிசையில் பொன்னும் முத்தும் வருவது தாலாட்டின் மரபு. இவர் பாட்டிலோ மாமன் கம்பி மத்தாப்புக் கொண்டு வந்தான். தரைச்சக்கரம் கொண்டு வந்தான். குழந்தை அஞ்சாதிருக்கும் பொருட்டு வெடியை மட்டும் ஊருக்கு வெளியே விட்டு வந்தான். மரபு ஒரு தொழிலின் நிறத்தை ஏற்றுத் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட அருமையான சான்று அது. ஒலிவாங்கியை அவர்முன் வைத்து நேரே கணிப்பொறியிலேயே பதிவு செய்தோம். முதல் முறை கேட்டபோது, அவர் குரலுக்குப் பின்னே பெட்டியின் இரைச்சல் ஓர் ஆற்று வெள்ளம் போல் ஓடியது.

ஆகவே யாம் ஒன்று செய்தோம். கணிப்பொறி கண்விழிக்கும்போது ஒரு விசையை அழுத்தினால் தோன்றும் அமைப்புப் பக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம். பயாஸ் என்பர். அதில் விசிறிகளுக்கான பகுதியைக் கண்டறிந்து, பெட்டியின் முன்புறம் உள்ள விசிறியையும் பின்புறம் உள்ள விசிறியையும் ஆகக் குறைந்த வேகத்தில் நிறுத்தினோம். இரைச்சல் அடங்கியது. அம்மையார் மீண்டும் பாடினார். பதிவு தெளிவாக அமைந்தது. "இதுல என் குரலு இருக்குமா சாமி?" என்று அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார். "என்றும் இருக்கும் பாட்டி" என்று உறுதி கூறினோம். பேரனுக்கு ஒரு படி எடுத்துத் தருவதாகவும் கூறினோம். நாளை தரலாம், நாளை தரலாம் என நாட்கள் கழிந்தன. மறு ஆண்டு பிப்ரவரியில் அம்மூதாட்டியார் காலமானார். அப்பொழுதும் படி எடுத்துத் தந்தோமில்லை. விசிறியின் வேகத்தைப் பழைய நிலைக்கு மாற்றினோமும் இல்லை. மார்கழியில் செய்த ஏற்பாடு சித்திரைக்கும் அப்படியே தொடர்ந்தது.

2023ஆம் ஆண்டு மே மாதம். கோடை விடுமுறையாயினும் அலுவலகப் பணிகளுக்காக அக்கணிப்பொறி காலை முதல் மாலை வரை ஓடியது. விருதுநகர்க் கோடை எத்தகையது என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு விளக்க வேண்டுவதில்லை. நண்பகலில் எம் அறையின் காற்றே 38 பாகை செல்சியசைத் தொட்டது. பெட்டி ஓசையின்றி இருந்ததைக் கண்டு யாம் மகிழ்ந்திருந்தோம். அமைதி என்பது நலத்தின் அடையாளம் என்று எண்ணியது எம் பேதைமை. இடையே ஐயம் தோன்றியபோது, திரையில் பிராசசர் எனப்படும் மையச் சில்லின் வெப்பநிலையைப் பார்த்தோம். 62 பாகை என்று காட்டியது. நூறு பாகையை நெருங்கும் வரை அச்சில்லுக்கு இடரில்லை என்று படித்திருந்தமையால் கவலையை விடுத்தோம். ஒரு நாள் பிற்பகலில் பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என ஓர் ஓசை வந்தது. திரை உறைந்தது. மறுமுறை இயக்கியபோது வன்தட்டு இருப்பதையே கணிப்பொறி அறியவில்லை.

கடைத்தெருவில் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் பெட்டியைத் திறந்து காட்டினார். முன்புற விசிறியின் மேல் கரிசல் மண்ணின் புழுதி கம்பளம் போல் படிந்திருந்தது. அதன் பின்னேதான் வன்தட்டின் இருக்கை. அவர் வேறொரு தட்டை அதே இடத்தில் பொருத்தி, விசிறியை அதே வேகத்தில் விட்டு, இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். அத்தட்டின் வெப்பநிலை 58 பாகையைக் காட்டியது. வன்தட்டுகள் பலவற்றுக்கு 60 பாகையே எல்லை. "சிப்பு தன்னைத்தானே காப்பாத்திக்கும் சார். சூடு கூடுனா வேகத்தக் கொறச்சுக்கும், இன்னும் கூடுனா மெஷினையே நிறுத்திரும். டிஸ்க்குக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது" என்றார். ஆறாண்டு உழைத்த தட்டு. வெம்மை ஒன்றினாலேயே அது மடிந்தது என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது என்றும் அவரே நேர்மையாகச் சொன்னார். ஆயினும் அதன் முதுமைக் காலத்தில் யாம் அதனை அடுப்பங்கரையில் உட்கார வைத்தோம் என்பது பொய்யாகுமா?

மதுரைக்கு எடுத்துச் சென்று காட்டியும் பயனில்லை. பழைய பதிவுகளுக்குப் படிகள் இருந்தன. கடைசி ஆறு மாதங்களில் சேர்த்த பதினொரு பாடல்கள் அழிந்தன. அவற்றுள் ஒன்று மத்தாப்புத் தாலாட்டு.

சூன் மாதம் கல்லூரி திறந்தபோது அம்மாணவரை அழைத்து நடந்ததைக் கூறினோம். ஆசிரியர் மாணவரிடம் மன்னிப்புக் கேட்பது எளிதன்று; ஆயினும் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "ஐயா, எங்க ஊர்ல வெக்கை எங்கே இருக்குன்னு பாத்துட்டுத்தான் வேலையில கைய வைப்பாங்க" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் அதனைக் கூறவில்லை. ஒரு செய்தியாகவே கூறினார். எம் நெஞ்சில் தைத்ததும் அதனாலேயே.

அவர் தாயார் பயர் ஆபீசில் பணிபுரிபவர். மருந்து கலக்கும் வேலையை விடியற்காலையிலேயே தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும். ஓர் அறைக்குள் நால்வருக்கு மேல் இருத்தலாகாது. ஓர் அறையில் தீப்பிடித்தால் மற்றோர் அறைக்குத் தாவாதவாறு அறைகளுக்கு இடையே வெளி விட வேண்டும். கலந்த மருந்தை மிச்சம் வைத்துவிட்டு இரவு வீடு திரும்பலாகாது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால், எவரும் காணாத நேரத்தில் அது தானே உள்ளுக்குள் சூடேறும். மறுநாள் காலை கதவைத் திறப்பவர் அதற்கு இரையாவர். இவையெல்லாம் அம்மாணவர் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட பாடங்கள். இப்பாடங்கள் மீறப்படும் இடங்களில் என்ன நேரும் என்பதையும் இவ்வட்டாரம் அறியும். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வுயிர்களையும் எம் வன்தட்டையும் ஒரு தராசில் வைக்கும் அறியாமை எமக்கில்லை. ஆனால் வெம்மை எங்கே சேர்கிறது என்று பாராதவன் அதன் கையில் அகப்படுவான் என்னும் நெறி இரண்டிற்கும் ஒன்றே.

புதிய தட்டு வாங்கியபின், அம்மாணவரும் யாமும் சேர்ந்து விசிறியின் வேகத்தை முறைப்படுத்தக் கற்றோம். கற்கக் கற்க, திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று அதிகாரத் தலைப்புகள் எம் நினைவுக்கு வந்தன. வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்கு வகுத்த அம்மூன்றும் இச்சிறு விசிறிக்கும் பொருந்தக் கண்டு வியந்தோம்.

முதலாவது, வலியறிதல். விசிறியின் வலிமை அதன் சுற்றுகளில் உள்ளது. பெட்டி விசிறிகளுக்கு வரும் மின்சாரம் 12 வோல்ட்டு. மூன்று கம்பி உடைய விசிறியில், அந்த வோல்ட்டைக் குறைத்தே வேகத்தைக் குறைக்க இயலும். நான்கு கம்பி உடையதில் மின்சாரம் குறைவதில்லை. நான்காவது கம்பியின் வழியே ஒரு குறிப்பு மட்டும் செல்லும். அக்குறிப்பு நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை எழுந்து அடங்கும். ஒவ்வொரு முறையும் அது எழுந்து நிற்கும் நேரத்தின் பங்கு மிகுந்தால் வேகம் மிகும். குறைந்தால் வேகம் குறையும். 25,000 என்னும் எண்ணுக்கும் காரணம் உண்டு. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. ஆகவே அக்குறிப்பின் அதிர்வு நம்மை வருத்தாது. இன்டெல் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட வரையறையில் இம்முறை தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. மூன்றாவது கம்பியோ விசிறி தரும் மறுமொழி. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் அது அனுப்பும். அவற்றை எண்ணியே கணிப்பொறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அறிகிறது. கேட்பதும் மறுமொழி கூறுவதும் இங்கு இடையறாது நிகழ்கின்றன.

வலியைப் பற்றி மற்றொரு நுட்பமும் உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் வீசும் காற்றும் பாதியாகும். ஆனால் விசிறி உண்ணும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். இரைச்சலும் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். ஆதலின் ஒரு விசிறியை முழு வேகத்தில் விரட்டுவதினும், இரண்டு விசிறிகளைப் பாதி வேகத்தில் ஓட்டுவது நன்று. காற்று ஏறத்தாழ அதே அளவு. ஓசையோ மிகக் குறைவு. குடும்பத்தில் ஒருவரே எல்லாச் சுமையையும் தூக்கி ஓலமிடுவதினும், இருவர் பகிர்ந்து அமைதியாய் நடத்துவது மேலன்றோ! மேலும், நின்றுவிட்ட விசிறியைச் சுழலத் தொடங்கச் செய்வதற்கு, சுழன்றுகொண்டிருக்கும் விசிறியைத் தொடரச் செய்வதினும் மிகுந்த உந்துதல் வேண்டும். ஆகவே அதனை அறவே நிற்க விடாது, மெல்லவேனும் சுழல விடுதல் நலம். படிப்பை நடுவில் நிறுத்திய மாணவர்களை மீண்டும் வகுப்பறைக்கு அழைத்துவர முயன்ற ஆசிரியர் எவருக்கும் இவ்வுண்மை புதிதன்று.

இரண்டாவது, காலமறிதல். வெப்பநிலை ஒரு பாகை ஏறியவுடன் விசிறி பாய்வதும், ஒரு பாகை இறங்கியவுடன் ஓய்வதுமாக இருந்தால், பெட்டி மூச்சிரைக்கும் நோயாளி போல் ஆகிவிடும். அந்த ஏற்ற இறக்க ஓசை, இடைவிடாத இரைச்சலினும் கொடிது. எனவே ஏறும் எல்லைக்கும் இறங்கும் எல்லைக்கும் இடையே மூன்று நான்கு பாகை இடைவெளி விட வேண்டும். வேகத்தைக் குறைக்குமுன் சில நொடிகள் பொறுக்கவும் வேண்டும். விரைந்து உதவு, மெல்ல விலகு என்பதே அந்நெறி. இஃது ஒரு நாளுக்குரிய காலம். ஆண்டுக்குரிய காலமும் ஒன்று உண்டு. மார்கழிக்கு வகுத்த அளவு சித்திரைக்குப் பொருந்தாது. யாம் வழுக்கி விழுந்த இடம் அதுவே.

மூன்றாவது, இடனறிதல். இம்மூன்றனுள் எம்மைத் தலைகுனியச் செய்தது இதுவே. விசிறி எந்த இடத்தின் வெம்மையைக் கேட்டு நடக்க வேண்டும்? பல கணிப்பொறிகளில் பெட்டி விசிறியும் மையச் சில்லின் வெப்பத்தையே கேட்டு நடக்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். சில்லுக்கெனத் தனி விசிறி அதன் தலைமேல் இருக்கிறது. அது நலமாகவே இருந்தது. யாம் பார்த்த 62 பாகை என்னும் எண் பொய்யன்று. ஆனால் யாம் பார்த்த இடம் தவறு. வெந்துகொண்டிருந்தது மூலையில், வாய் திறவாது, எம் பாடல்களையெல்லாம் மடியில் வைத்திருந்த வன்தட்டு. வீட்டிலும் வகுப்பிலும் உரக்கப் பேசுவோரின் நலத்தையே விசாரித்துவிட்டு எல்லாம் நலம் என்று முடிவு கட்டுகிறோம். மூலையில் மௌனமாய் இருப்பவரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

இடனறிதலுக்கு மற்றொரு பொருளும் உண்டு. விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பக் காற்றை வெளியேற்றி, வெளிக்காற்றை உள்ளே கொணர்கிறது. ஆகவே அறைக்காற்று 38 பாகையாயின் பெட்டிக்குள் எப்பொருளும் அதற்குக் கீழே குளிராது. அறை 22 பாகையில் இருக்கும் குளிர்நாட்டு மேசைக்குப் பொருந்தும் அளவு, அதனினும் 16 பாகை மிகுந்த விருதுநகர் மேசைக்குப் பொருந்துமா? பொதுவாக வகுத்துத் தந்த அளவை அப்படியே ஏற்காமல், நம் மண்ணின் வெம்மைக்கேற்ப நாமே திருத்திக்கொள்ளுதல் வேண்டும். அறைச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி ஒரு வாரம் பார்த்தபின் யாம் அதனை அவ்வாறே திருத்தினோம். சில்லு 50 பாகை வரை இருக்கும்போது பின்புற விசிறிக்கு நூற்றுக்கு 40 பங்கு வேகம், 60இல் 55, 70இல் 75, 80ஐத் தொட்டால் முழு வேகம். தட்டின் முன்னே உள்ள விசிறியோ எந்த நிலையிலும் 50 பங்குக்குக் கீழே இறங்குவதில்லை. அதன்பின் வந்த 2024ஆம் ஆண்டுக் கோடையில் தட்டின் வெப்பநிலை 47 பாகையைத் தாண்டவில்லை. ஓசையும் பொறுக்கத்தக்கதாகவே இருந்தது. மாதந்தோறும் புழுதியைத் துடைப்பதும் வழக்கமாயிற்று. காற்றடித்துத் தூய்மை செய்யும்போது விசிறி தாறுமாறாகச் சுழலாதவாறு இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் கற்றோம்.

தன் நிலையைத் தானே கேட்டறிந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவி என்பது மேலைநாட்டார் நேற்றுக் கண்ட புதுமை என்று நம் இளைஞர்கள் எண்ணுவதுண்டு. நீராவி எந்திரத்தின் வேகத்தைச் சீராக்க 1788ஆம் ஆண்டில் சேம்சு வாட் அமைத்த சுழல்குண்டுக் கருவி புகழ் பெற்றது. 1868ஆம் ஆண்டில் மேக்சுவெல் அத்தகைய கருவிகளின் கணிதத்தை ஆராய்ந்தார். ஆனால் அவர்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, ஒன்பதாம் நூற்றாண்டில், பாக்தாது நகரில் பனூ மூசா எனப்பட்ட சகோதரர் மூவர் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலை இயற்றினர். ஏறத்தாழ நூறு கருவிகளை விளக்கும் அந்நூலில், எண்ணெய் குறையக் குறையத் தானே நிரப்பிக்கொள்ளும் விளக்கும், திரியைத் தானே தள்ளிக்கொள்ளும் விளக்கும் உள்ளன. குறைவை அறிந்து, அறிந்த அளவுக்கு மட்டும் ஈடு செய்யும் அவ்விளக்குகளின் வழித்தோன்றல் என்றே எம் பெட்டி விசிறியைச் சொல்லலாம். முன்னோர் பெருமை பேசுவதற்காக இதனைக் கூறவில்லை. அளவறிந்து இயங்குதல் எந்த ஒரு நாட்டுக்கும் உரிய தனிச் சொத்தன்று என்பதற்காகவே கூறினோம்.

2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மூன்றாமாண்டு முடியும் தறுவாயில், அம்மாணவர் மீண்டும் துறைக்கு வந்தார். இம்முறை உடன் வந்தவர் அவர் தாயார். ஆபீசுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். விரல் இடுக்குகளில் சாம்பல் நிறம் கழுவியும் போகாதிருந்தது. "எங்க அத்தை பாடுனது எனக்கு அம்புட்டும் ஞாபகம் இல்ல ஐயா. ஞாபகம் இருக்கறதப் பாடுறேன்" என்றார். மாமியாரின் தாலாட்டை மருமகள் பாடினார். கம்பி மத்தாப்பு வந்தது, தரைச்சக்கரம் வந்தது. வெடியை ஊருக்கு வெளியே விட்டு வந்த அடி வரவில்லை. அது அவருக்கு நினைவில் இல்லை. அதற்கு மாறாக, மாமன் வேலை முடிந்து நல்லபடியாக வீடு திரும்பினான் என்று ஓர் அடி வந்தது. அது மூத்தவர் பாடியதன்று, இவரே சேர்த்தது. எம் காதில் விழுந்த அடியை எம் நினைவிலிருந்து எடுத்து எழுதிச் சேர்க்கலாமா என்று மாணவர் கேட்டார். வேண்டாம் தம்பி என்றோம். பாடியவர் பாடியதே பதிவு.

பதிவு செய்யுமுன், விசிறியை ஆகக் குறைந்த வேகத்துக்கு மாற்றட்டுமா என்று அவர் கேட்டார். அதுவும் வேண்டாம் என்றோம். அன்றைய பதிவில் அவ்வம்மையாரின் குரலுக்குப் பின்னே மெல்லிய காற்றொலி ஒன்று தொடர்ந்து கேட்கிறது. கேட்போர் சிலர் அதனைக் குறை என்பர். அது ஒரு குறையே. ஆனால் அவ்வொலி நிற்குமாயின் அஞ்ச வேண்டும் என்பதை யாம் அறிவோம். அன்று மாலையே மூன்று படிகள் எடுத்தோம். ஒன்று துறைக்கு, ஒன்று கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று, அவர்கள் பேருந்து ஏறுமுன்னரே, அம்மாணவரின் கையில்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களில் கணிப்பொறி உண்டு. இல்லையாயின் விரைவில் வரும். அதன் பெட்டியை ஆண்டுக்கு நான்கு முறையேனும் திறந்து பாருங்கள். புழுதியைத் துடையுங்கள். விசிறி எந்த இடத்தின் வெம்மையைக் கேட்கிறது என்று கண்டறியுங்கள். குளிர்காலத்தில் குறைத்ததைக் கோடை பிறக்குமுன் கூட்டுங்கள். உங்கள் பாட்டனார் பாட்டிமாரின் குரலைப் பதிவு செய்திருந்தால், இக்கட்டுரையைப் படித்து முடித்தவுடன் ஒரு படி எடுத்து வையுங்கள். நாளை என்று சொல்லாதீர்கள். யாம் அவ்வாறு சொல்லியே இழந்தோம்.